பைக்கில் போகும்போது ரிவால்வர் உறையை எங்கே கட்டுவது?

கணியம்பாடி சுபேதார் | மே 9, இரவு 9.20

ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று ஊர் திரும்பி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்புப் பொறுப்பு. சொந்த உரிமத்தில் .32 ரிவால்வர் வைத்திருக்கிறேன். கான்பூரில் செய்த ஆறு தோட்டா ரிவால்வர், சுமார் 700 கிராம் எடை. தினமும் புல்லட் பைக்கில்தான் போய்வருகிறேன். போகவர இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது.

பணியில் இருந்த காலத்துப் பழக்கத்தில் உறையை வலது இடுப்பில், கொஞ்சம் பின்தள்ளிக் கட்டிவந்தேன். நின்றால் ஒரு தொந்தரவும் இல்லை. பைக்கில் உட்கார்ந்து இருபது நிமிடம் ஆனதும் பிடியின் நுனி விலா எலும்புக்குக் கீழே குத்த ஆரம்பிக்கிறது. சாத்துவாச்சாரியைத் தாண்டும்போது உடம்பைக் கோணிக்கொண்டுதான் ஓட்டுகிறேன்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். போன வாரம் பாகாயத்தில் வேகத்தடை ஏறி இறங்கும்போது காற்றில் சட்டை மேலே எழும்பிவிட்டது. பக்கத்தில் ஆட்டோவில் இருந்த பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று என் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பார்வை இன்னும் மனதை உறுத்துகிறது. ஒரு குழந்தை பயப்படும்படி ஆயுதத்தைக் கொண்டுபோவது எனக்கு ஒப்பவில்லை.

அனுபவம் உள்ளவர்கள் எந்த இடம் சரி என்று சொல்லுங்கள். உருவி எடுக்கும் வேகத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. ஓடுகிற வண்டியில் வலது கை ஆக்சிலேட்டரிலும் முன் பிரேக்கிலும் இருக்கும், இடது கை கிளட்சில் இருக்கும். அங்கே எதையும் எடுக்கும் பேச்சே இல்லை. உறை அசையக் கூடாது, வெளியே தெரியக் கூடாது, விழுந்தால் என்னைக் கெடுக்கக் கூடாது. வேண்டியது அவ்வளவுதான்.

பாலாற்றங்கரை | மே 9, இரவு 10.05

சுபேதார் ஐயா, நடு முதுகில் கட்டிப் பாருங்கள். வண்டியில் உட்கார்ந்தால் முதுகுப் பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. வயிற்றில் குத்தாது, விலாவில் குத்தாது. சட்டைக்கு மேல் ஜாக்கெட் போட்டுவிட்டால் வெளியே தெரியாது.

ஒடுகத்தூர் சாலை | மே 10, காலை 6.12

நடு முதுகு வேண்டவே வேண்டாம். கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

என்னிடம் துப்பாக்கி கிடையாது. ஆனால் விழுந்த அனுபவம் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அணைக்கட்டிலிருந்து ஒடுகத்தூர் போகும் வழியில் ரோட்டில் கொள்ளு பரப்பியிருந்தார்கள். நம் பக்கத்தில் வண்டிச் சக்கரம் ஏறி மணி உதிரட்டும் என்று அறுத்த செடியை அப்படியே போட்டுவைப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். திருப்பத்தில் அதன்மேல் முன்சக்கரம் ஏறியது. பைக் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் போனோம். வேகம் 40கூட இருக்காது.

அப்போது வலது இடுப்பில் பெல்ட்டோடு செல்போன் பை மாட்டியிருந்தேன். போன் நொறுங்கிவிட்டது. அதுகூடப் பெரிதில்லை. இடுப்பெலும்புக்கு மேலே போனின் நான்கு மூலைகளும் அச்சடித்ததுபோலக் கன்றிப்போய், மூன்று வாரம் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை. தட்டையான போனுக்கே அந்த நிலை. முதுகுத்தண்டுக்கும் தார் ரோட்டுக்கும் நடுவே முக்கால் கிலோ இரும்பு இருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

பிசியோ காட்பாடி | மே 10, பிற்பகல் 2.40

ஒடுகத்தூர் அண்ணன் சொல்வது முழுக்கச் சரி. மல்லாந்து விழும்போது உடலின் எடையெல்லாம் ஒரு கையகல இடத்தில் இறங்கும். அந்த இடத்தில் கெட்டியான பொருள் எதுவும் இருக்கக் கூடாது. பைக் ஜாக்கெட்டில் முதுகுக்குத் தனியாகக் காப்பு வைத்துத் தைப்பதே அதற்காகத்தான். அந்தக் காப்புக்கு அடியில் இரும்பை வைத்தால் காப்பு இருந்தும் பயனில்லை.

சுபேதார் ஐயா, உங்களுக்கு விலாவில் குத்துவதற்குக் காரணம் எளிது. நிற்கும்போது இடுப்பெலும்புக்கும் கடைசி விலாவுக்கும் நடுவே மூன்று நான்கு விரல் இடைவெளி இருக்கும். உட்கார்ந்து முன்னால் சாய்ந்தால் அது சுருங்கிவிடும். உறை கீழே தொடையிலோ சீட்டிலோ முட்டி மேலே எழும்பும், பிடி விலாவில் போய் இடிக்கும். உயரம் குறைந்தவர்களுக்கு இது இன்னும் மோசம்.

இன்னொன்றும் கவனியுங்கள். பெல்ட்டை இறுக்கிக் கட்டி, முன்பக்கம் அடிவயிற்றில் உறையைச் செருகுகிறவர்கள் சிலருக்குத் தொடையின் வெளிப்பக்கம் எரியும், மரத்துப்போகும். தொடைத் தோலுக்கு உணர்வு தரும் நரம்பு ஒன்று இடுப்பெலும்பின் முன்முனையை ஒட்டித்தான் இறங்குகிறது. அது நசுங்கினால் இப்படி ஆகும். மரத்துப்போனால் பழகிவிடும் என்று விடாதீர்கள், உறையை இடம் மாற்றுங்கள்.

ஆம்பூர் ரைடர் | மே 10, இரவு 8.15

தோள் உறை எப்படி? இரண்டு தோளிலும் பட்டை மாட்டி, இடது அக்குளுக்குக் கீழே துப்பாக்கி தொங்கும். இடுப்புப் பிரச்சினையே வராது.

கணியம்பாடி சுபேதார் | மே 10, இரவு 9.30

தம்பி, தோள் உறையில் இரண்டு வகை உண்டு. பெரும்பாலும் விற்பது படுக்கை வசத்தில் இருப்பது. அதில் குழல் வாய் நேராகப் பின்னால் பார்க்கும். புல்லட்டின் பின்சீட்டில் என் மனைவி உட்காருவார், சில நாள் பேரனும் உட்காருவான். ஆயுதத்தை யாரை நோக்கியும் பிடிக்காதே என்பதுதான் படையில் முதல் நாள் கற்ற பாடம். உறைக்குள் இருந்தாலும் அந்த வாய் அவர்களை நோக்கியிருப்பதை என்னால் ஏற்க முடியாது.

செங்குத்தாகத் தொங்கும் வகை உண்டு, அது பரவாயில்லை. ஆனால் அதன்மேல் ஜாக்கெட்டைக் கழற்றவே முடியாது. அக்னி நட்சத்திரத்தில் நம் வேலூரில் டீக்கடையில் நின்றாலும் ஜாக்கெட்டோடுதான் நிற்க வேண்டும் என்றால் எத்தனை நாள் ஓடும்?

எல்லோர் யோசனையையும் படித்த பிறகு ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். உண்மையான ரிவால்வரை வைத்துக்கொண்டு சோதனை செய்யப் போவதில்லை. தொரப்பாடியில் தெரிந்த ஆசாரி ஒருவரிடம் வேப்பங்கட்டையில் அதே நீளம், அதே பருமனில் ஒரு கட்டை செதுக்கித் தரக் கேட்டிருக்கிறேன். உள்ளே குடைந்து, வலை வீசுகிறவர்கள் கட்டும் ஈயக்குண்டுகளைப் போட்டு 700 கிராமுக்குக் கொண்டுவரலாம். ஒவ்வோர் இடத்திலும் சில நாள் கட்டி ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

காக்கிப்பெண் | மே 11, காலை 7.05

ஐயா, நல்ல யோசனை. ஆனால் அந்தக் கட்டையையும் சட்டைக்கு உள்ளேயே வையுங்கள். பார்ப்பவருக்கு மரமா இரும்பா என்று தெரியாது. தகவல் வந்தால் நாங்கள் இரும்பு என்று நினைத்துத்தான் வருவோம்.

நான் காவல்துறையில் இருக்கிறேன். வாகனச் சோதனையில் நிறுத்தினால் உரிமதாரர்கள் செய்ய வேண்டியதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எஞ்சினை நிறுத்துங்கள். இரண்டு கைகளும் ஹேண்டில்பாரில் இருக்கட்டும். "என்னிடம் உரிமத்தோடு ஆயுதம் இருக்கிறது, இடது இடுப்பில் இருக்கிறது, உரிமம் சட்டைப் பையில் இருக்கிறது" என்று முதலில் வாயால் சொல்லுங்கள். பிறகு நாங்கள் கேட்பதை மட்டும் எடுங்கள். உரிமப் புத்தகத்தை உறைக்குப் பக்கத்துப் பையில் வைக்காதீர்கள். புத்தகத்தை எடுக்கப் போகும் கை, துப்பாக்கியை எடுக்கப் போகும் கைபோலவே தெரியும். இரவில் எங்களுக்கு எதிரே ஹெட்லைட் வெளிச்சம் மட்டும்தான் இருக்கும் என்பதை மறக்காதீர்கள்.

உரிம ஆவணம் | மே 11, காலை 11.30

சட்டப் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். 1959 ஆயுதச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, ஆயுதம் வைத்திருப்பவரிடம் காவல் அதிகாரி உரிமத்தைக் காட்டச் சொல்லலாம். ஆகவே உரிமம் வீட்டு அலமாரியிலும் ஆயுதம் இடுப்பிலும் இருப்பது கூடாது.

2016 ஆயுத விதிகள் உறையைப் பற்றியே பேசுகின்றன. பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உடலோடு பொருத்திய உறையிலோ முதுகுப்பை போன்ற ஒன்றிலோதான் கொண்டுபோகலாம். எதில் வைத்தாலும் முழுக்க மூடியிருக்க வேண்டும். எடுத்துச் செல்பவரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். சுபேதார் ஐயாவின் சட்டை எழும்பியது வெறும் சங்கடம் அல்ல, விதியோடு சம்பந்தப்பட்ட விஷயம்.

பெட்ரோல் டேங்க் மேல் மாட்டும் பையில் வைக்கலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். வண்டியை நிறுத்திவிட்டு இளநீர் குடிக்க நான்கடி நகர்ந்தாலே கட்டுப்பாடு போய்விட்டது. சறுக்கி விழுந்தால் வண்டியோடு ஆயுதமும் இருபதடி தள்ளிப் போய்க் கிடக்கும், நீங்கள் எழுந்திருக்க முடியாமல் இங்கே கிடப்பீர்கள். யார் கையில் அது சிக்கும்?

இன்னொன்று. உரிமத்தில் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று எழுதியிருக்கும். தமிழ்நாட்டுக்கு மட்டும் என்றால் காட்பாடி தாண்டிச் சித்தூர் ரோட்டில் போகும்போது கவனம். கிறிஸ்டியான்பேட்டைக்கு அப்பால் ஆந்திரம்.

பாலாற்றங்கரை | மே 11, இரவு 9.50

முதுகைப் பற்றி நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஒடுகத்தூர் அண்ணனுக்கு நன்றி. என் மாமாவும் பல ஆண்டுகளாக அப்படித்தான் கட்டுகிறார். இந்த இழையை அவரிடம் காட்டினேன்.

கணியம்பாடி சுபேதார் | மே 25, இரவு 8.45

இரண்டு வாரம் மரக்கட்டையோடு ஓட்டியாயிற்று. தொப்புளை 12 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள், வலது இடுப்பு 3 மணி, இடது இடுப்பு 9 மணி. அப்படிச் சொன்னால் எழுதுவது எளிது.

3 மணி: பின்னால் தள்ளிக் கட்டியதைவிட நேராக இடுப்பில் கட்டியது தேவலை. ஆனால் கிக்கரை உதைக்கும்போது ஒவ்வொரு தடவையும் உறை மேலே ஏறுகிறது. மனைவி ஒருபக்கமாக உட்காருவார், பிடிப்புக்கு என் வலது இடுப்பைத்தான் அவர் கை தேடும். இரண்டாம் நாளே "இது என்ன கல்லை மடியில் கட்டியிருக்கிறீர்கள்" என்று கையை எடுத்துவிட்டார். பிடிக்காமல் உட்கார்ந்தால் அவருக்கு ஆபத்து.

1 மணி, அதாவது முன்பக்கம் அடிவயிறு: புல்லட்டில் நிமிர்ந்து உட்காருவதால் நான் பயந்த அளவுக்குக் குத்தவில்லை. ஆனால் நான்காம் நாள், பிசியோ தம்பி சொன்னதுபோலவே, வலது தொடையின் வெளிப்பக்கம் ஊசி குத்துவதுபோல இருந்தது. அதைவிட ஒன்று. உட்கார்ந்த நிலையில் குழல் வாய் எங்கே பார்க்கிறது என்று கண்ணாடி முன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். தொடையின் உட்பக்கத்தைப் பார்க்கிறது. பெரிய ரத்தக்குழாய் ஓடும் இடம். திடீரென்று பிரேக் பிடித்து டேங்கில் போய் மோதினாலும் நடுவில் மாட்டுவது அதுதான். எனக்கு வேண்டாம்.

கணுக்கால்: ஒரே நாள். இடது காலில் கட்டினேன், கியர் போடப் பாதத்தை மடக்கும்போதெல்லாம் பட்டை சுழன்றது. வலது காலுக்கு மாற்றினால் சைலன்சர் சூடு. கணியம்பாடி வந்து கழற்றும்போது உறை முழுக்கச் செம்மண் தூசி. உண்மையான ரிவால்வராக இருந்திருந்தால் அன்று இரவு முழுக்கத் துடைத்திருப்பேன்.

10 மணிக்கும் 11 மணிக்கும் நடுவே, அதாவது இடது முன்பக்கம், பிடி வலது கைப்பக்கம் திரும்பியிருக்கும்படி: எட்டு நாள் கட்டினேன். முதல் நாள் அந்நியமாக இருந்தது. மூன்றாம் நாள் ராணிப்பேட்டை போய் இறங்கியபோதுதான் வழியெல்லாம் அதை நினைக்கவே இல்லை என்று உறைத்தது. தொடை மேலே எழும்பும் இடத்துக்குப் பக்கவாட்டில் உறை ஒதுங்கிவிடுகிறது. மேலே பிடி சாய்ந்திருப்பதால் விலாவைத் தொடுவதில்லை. வண்டியில் ஏற வலது காலைச் சுழற்றிப் போடும்போது தடை இல்லை. மனைவியின் கைக்கும் வழி விட்டாயிற்று. சட்டையின் முன்பக்கத்தைக் காற்று உடம்போடு அழுத்துகிறது, எழுப்புவதில்லை. இதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும்.

ஒரு விஷயம் மட்டும் இன்னும் சரியாகவில்லை. வாங்கிய உறை மெத்தென்ற தோல். கட்டையை எடுத்தவுடன் வாய் மூடிக்கொள்கிறது. வியர்வையில் நனைந்து துணிபோல ஆகிவிட்டது.

தோல் ஷாப் மேஸ்திரி | மே 26, காலை 10.20

ஐயா, இப்போதுதான் என் வேலைக்கு வந்தீர்கள். முப்பது ஆண்டுகள் தோலில்தான் கை வைத்திருக்கிறேன்.

உங்கள் உறை குரோம் தோல். ஷூவின் மேல்பாகத்துக்கும் கைப்பைக்கும் பதப்படுத்துவது. வளைய வேண்டும், மெத்தென்று இருக்க வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்கிறோம். உறைக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். பட்டைத் தோல் வேண்டும். நம் தாத்தா காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தொட்டியில் ஊறவைத்துப் பதப்படுத்திய வகை. இன்று பெரும்பாலும் வாட்டில் பட்டைச் சாறு. அந்தத் தோல் வெந்நீர் பட்டால் களிமண்போல இளகும், காய்ந்தால் கொடுத்த வடிவத்தில் அப்படியே நிற்கும்.

செய்முறை சொல்கிறேன். 3 மில்லிமீட்டருக்குக் குறையாத மாட்டுத் தோலை எடுத்து வெட்டித் தைத்துக்கொள்ள வேண்டும். கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர். அதில் நனைத்து, உங்கள் வேப்பங்கட்டையை உள்ளே செருகி, விரல் எலும்பால் சுற்றிலும் அழுத்த வேண்டும். விசையை (டிரிகரை) சுற்றியிருக்கும் வளையத்தின் இடத்தில் நன்றாக அழுத்துங்கள், அந்தப் பள்ளம்தான் பிடிமானம். நிழலில் இரண்டு நாள் காயட்டும். வெயிலில் வைத்தால் வெடித்துவிடும். நம் ஊர் மே மாத வெயிலில் ஒரு மணி நேரம் போதும், அப்பளம் ஆகிவிடும்.

வாய்ப்பக்கம் மட்டும் இன்னொரு மடிப்புத் தோல் வைத்துத் தையுங்கள். உங்கள் உறைபோல வாய் மூடிக்கொண்டால், திரும்பச் செருகும்போது மடிந்த தோல் விசையில் மாட்டலாம். மெத்தென்ற உறையில் எனக்குப் பயமே அதுதான். விசை முழுக்க மறைந்திருக்க வேண்டும். பிடியின் மேலாகப் போய்ப் பொத்தான் போடும் வார் ஒன்றும் வேண்டும். பைக்கில் போகிறவருக்கு அந்த வார் இல்லாத உறை உறையே இல்லை.

பெல்ட்டும் சாதாரண பெல்ட்டாக இருக்கக் கூடாது. ஒன்றரை அங்குல அகலம், இரண்டு அடுக்குத் தோல். பெல்ட் முறுக்கினால் எந்த இடத்தில் கட்டினாலும் உறை ஆடும்.

கடைசியாக, வீட்டுக்கு வந்ததும் உறையிலிருந்து எடுத்துத் தனியாக வையுங்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பதப்படுத்திய உப்பும் உள்ளே இருக்கும். ஒரு மழைக்காலம் உறையிலேயே கிடந்த இரும்பின் மேல் தோலின் வரி அப்படியே துருவாகப் பதிந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆம்பூர் ரைடர் | மே 26, இரவு 7.30

மேஸ்திரி அண்ணா, பிளாஸ்டிக்கில் சூடேற்றி வார்த்த உறைகள் வருகின்றனவே, கைடெக்ஸ் என்று? வியர்வையே ஏறாதே?

தோல் ஷாப் மேஸ்திரி | மே 26, இரவு 8.10

உண்மைதான் தம்பி. வியர்வை ஏறாது, வாய் மூடாது. தோல்காரன் என்பதற்காக அதைக் குறை சொல்ல மாட்டேன். விளிம்பு மட்டும் கூர்மையாக இருக்கும். உடம்பில் படும் பக்கம் மெத்தை வைத்துக்கொண்டால் நல்ல பொருள்.

ஒடுகத்தூர் சாலை | மே 27, காலை 6.40

சுபேதார் அண்ணா, ஒரே கேள்வி. இடது பக்கம் விழுந்தால்?

கணியம்பாடி சுபேதார் | மே 27, இரவு 9.15

கேட்க வேண்டிய கேள்வி தம்பி. கட்டையோடு வீட்டு முற்றத்தில் பாய் விரித்து இடது பக்கமாகப் படுத்துப் பார்த்தேன். தரையில் முதலில் படுவது இடுப்பெலும்பும் தோளும். உறை எலும்புக்கு முன்னால் இருக்கும் பள்ளத்தில் நிற்கிறது, தரைக்கும் அதற்கும் இரண்டு விரல் இடைவெளி இருந்தது. 9 மணியில் கட்டினால் நேராக அதன் மேலேயே படுக்க வேண்டியிருந்தது. ஆகவே 10 மணியைத் தாண்டிப் பின்னால் போகக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். குப்புற விழுந்தால் வலிக்கத்தான் செய்யும். வலிக்காத இடம் என்று ஒன்றை உடம்பில் நான் கண்டுபிடிக்கவில்லை, முதுகுத்தண்டையும் தொடை ரத்தக்குழாயையும் விட்டு விலகிய இடத்தைத்தான் எடுத்துக்கொண்டேன்.

பிசியோ காட்பாடி | மே 28, பிற்பகல் 1.30

அந்த இடம் எனக்குச் சம்மதம். உங்கள் வயிறு பெருத்தாலோ இளைத்தாலோ மறுபடி உட்கார்ந்து பாருங்கள். வேறு பைக் வாங்கினாலும் அப்படியே. ஹேண்டில்பார் தாழ்வாக இருக்கும் ஸ்போர்ட்ஸ் பைக்கில் உடம்பு டேங்க் மேல் கவிழும், அங்கே இந்தக் கணக்கு முழுக்க மாறிவிடும்.

காக்கிப்பெண் | மே 28, இரவு 10.00

ஸ்கூட்டரில் போகும் பெண் உரிமதாரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஸ்கூட்டரில் முட்டி டேங்கை அணைக்காது, கால் முன்னால் இருக்கும். அதனால் இடது முன்பக்கம் இன்னும் வசதி. ஆனால் சுடிதாரில் பெல்ட் நிற்காது. வயிற்றைச் சுற்றிக் கட்டும் அகலமான எலாஸ்டிக் பட்டையில் விசையை மூடும் கெட்டி உறை தைத்ததைப் பார்த்து வாங்குங்கள். கைப்பையில் போட்டுத் தோளில் மாட்டவே கூடாது. ஸ்கூட்டரில் போகும் பெண்ணிடம் பறிக்க வருகிறவனின் கை முதலில் போவது கைப்பைக்குத்தான்.

கணியம்பாடி சுபேதார் | ஜூன் 14, இரவு 8.30

மேஸ்திரி சொன்ன அளவில் பட்டைத் தோல் உறை தைத்தாயிற்று. வெந்நீரில் நனைத்து அழுத்தியது நானேதான், பேரன் பக்கத்தில் உட்கார்ந்து கட்டையைப் பிடித்துக்கொண்டான். காய்ந்ததும் தட்டிப் பார்த்தால் மரப்பெட்டிபோலச் சத்தம் வருகிறது. கட்டையை வெளியே எடுத்தாலும் வாய் திறந்தே நிற்கிறது. ரிவால்வரின் பிடியடியில் இருக்கும் வளையத்தில் படையில் கட்டியதுபோலக் கயிறு ஒன்றும் போட்டுப் பெல்ட்டோடு முடிந்துவிட்டேன். வார் அறுந்தாலும் ரோட்டில் உருளாது.

முதல் வாரம் தோட்டா இல்லாமல் ரிவால்வரை மட்டும் வைத்து ஓட்டினேன். இந்த வாரம்தான் முழுமையாக. இரவில் கழற்றியதும் தோட்டாவை எடுத்துவிட்டு, எண்ணெய்த் துணியால் துடைத்து, பெட்டியில் பூட்டுகிறேன். உறை ஜன்னலோரம் காற்றாடத் தொங்குகிறது.

நேற்று மாலை வாலாஜா தாண்டி நல்ல மழை. மழைக்கோட்டு மேலே இருந்தும் தண்ணீர் கழுத்து வழியாக இறங்கி உறையின் அடியில் தேங்கியிருந்தது. மேஸ்திரி அண்ணா, அடியில் ஓட்டை ஒன்று போட்டால் தோலின் பலம் குறையுமா?

தோல் ஷாப் மேஸ்திரி | ஜூன் 15, காலை 9.50

குறையாது ஐயா. தையலிலிருந்து அரை அங்குலம் தள்ளி, துளை போடும் பஞ்ச் கருவியால் கால் அங்குல ஓட்டை ஒன்று போடுங்கள். ஓட்டையின் விளிம்பில் தேன்மெழுகு தடவி விரலால் தேய்த்துவிடுங்கள்.